பேசாலைக்குக் கொண்டுபோன மூன்று கேமராக்கள்

மூன்று கேமராவோடு வந்து இறங்குகிறவனை எந்த நாட்டிலும் சும்மா விடமாட்டார்கள். கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளி நிறத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, கறுப்பில் ஒன்று. மூன்றும் உள்ளங்கையில் அடங்குகிற சிறிய கேமராக்கள். பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஓர் அம்மாள் மெதுவாக மொழிபெயர்த்தார். "இவருக்கு மூண்டு கண்ணோ எண்டு கேக்கினம்."

"இதெல்லாம் விக்கிறதுக்கோ?" என்று அதிகாரி நல்ல தமிழில் என்னிடம் கேட்டார்.

"இல்லைங்க. ஒண்ணு மச்சினனுக்கு. மத்த ரெண்டும் என்னோட திரும்பி வந்துடும்."

"எந்த ஒண்டு?"

"வெள்ளி, இல்லாட்டி மஞ்சள். அங்க போய்ப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். கறுப்பு என்னோடது. அது கொடுக்கிறதுக்கு இல்லை."

தனக்கே எது என்று தெரியாத பரிசைக் கொண்டுவருகிறவனை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போலும். மூன்றின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். என்னை நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் எனக்கே என் மச்சினன் மேல் நம்பிக்கை இல்லை.

இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சிறிய துறைமுக ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், தேர்த் திருவிழா, புதுப் படகு இறக்கும் விழா, பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுப்பேன். முப்பது வருடம் பாஸ்போர்ட் படம் எடுத்தவனுக்கு எந்த முகத்தையும் முழுதாக நம்பத் தோன்றாது. என் மனைவி ரெஜினா அக்கரையில், மன்னார்த் தீவில் இருக்கிற பேசாலைக்காரி. யுத்த காலத்தில் சிறுமியாகப் படகில் எங்கள் கரைக்கு வந்து, முகாமில் வளர்ந்து, என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தம்பி ஜெரோம் சண்டை முடிந்ததும் திரும்பிப் போய்விட்டான். இப்போது அங்கே மீன் பிடிக்கிறான்.

போன மாதம் அவன் போன் செய்தான். "அத்தான், ஒரு சின்னக் கமெரா வேணும். சட்டைப் பொக்கற்றுக்க போகவேணும். வெளியில, இரவில, கடலில எடுக்கவேணும். ஆனா லைற் அடிக்கக் கூடாது."

"எதுக்குப்பா?"

"வாங்கோவன், சொல்லுறன்."

ராத்திரியில், கடலில், வெளிச்சம் காட்டாமல் படம் எடுக்கிற வேலை என்ன வேலை? கடத்தல் என்றேன். ரெஜினா என்னைத் திட்டினாள். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அங்கேயே வைத்து எது சரி என்று தேர்ந்து கொடுங்கள் என்றாள்.

மன்னாருக்குள் என்னை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் வழி முழுக்கக் கேள்வி கேட்டார். மடியில் இருந்த வெள்ளிக் கேமராவைப் பார்த்து, "பறவை எடுக்க வந்தனீங்களோ?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அந்தப் பொய் உடனே பலித்தது. தள்ளாடி என்கிற இடத்தைத் தாண்டித் தீவுக்குப் போகும் நீளப் பாலத்தில் ஆட்டோ இருமி நின்றுவிட்டது. அவர் பின்னால் போய் எஞ்சினைத் திறந்து உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் ஆழமில்லாத நீர். தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன.

வேறு வழியில்லாமல் பறவைக்காரனாக நடித்தேன். வெள்ளிக் கேமராவின் லென்ஸ் வெளியே நீண்டு நீண்டு போய், முப்பது மடங்கு கிட்டே கொண்டுவரும். பட்டப்பகலில் அதற்கு நிகரில்லை. பூநாரையின் அலகில் சொட்டிய நீர் கூடத் தெரிந்தது. ஆட்டோக்காரரிடம் காட்டினேன். அவர் வாயைப் பிளந்தார்.

"பேசாலையில ஆற்ற வீட்டை?" என்றார் கையைத் துடைத்தபடி.

"ஜெரோம் வீட்டுக்கு."

"அட, ஜெரோம் வீட்டை எப்ப தொடக்கம் பறவையள் வருது?" என்று சிரித்தார். மீதி வழி முழுவதும் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். மன்னார் நகரத்தில் கழுதைகள் சாலையை மறித்துக்கொண்டு நின்றபோதுதான் அவர் பார்வை என்னை விட்டது. எங்கள் ஊரில் மாடுகள் செய்வதை இங்கே கழுதைகள் செய்கின்றன. ஹாரன் அடித்தால் இரண்டுமே நகராது.

ஜெரோமின் மனைவி ஜெசிந்தா கருவாடு போட்டு விற்கிறவள். அதிகம் பேசமாட்டாள். கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ அத்தான்" என்றாள். இடியப்பம், சொதி, பாரைமீன் குழம்பு. குழம்பு எங்கள் ஊர்க் குழம்பைப் போலச் சிவப்பாக இல்லாமல் வறுத்த தூளில் கறுத்திருந்தது. உறைப்பு தொண்டையில் நின்று காதுக்குப் போயிற்று. பாலில்லாத தேநீர் கொடுத்தார்கள். பால் இல்லாத தேநீரைக் காய்ச்சல்காரன்தான் குடிப்பான் என்று ஊரில் சொல்வேன். இங்கே இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

சாப்பிட்டதும் ஜெரோம் முற்றத்துக்குப் போய் யாரிடமோ போனில் பேசினான். சன்னல் வழியாகத் துண்டு துண்டாகக் கேட்டது. "வெளிச்சம் போடாதேங்கோ… கிட்டப் போய்த்தான்… ஓம், அத்தான் கொண்டு வந்திட்டார்." என் பெயரும் இதில் சேர்ந்துவிட்டதா! கேமராப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன். லென்ஸ் மூடி கழுத்தில் குத்தியது. விடியும் வரை அதன்மேல்தான் கிடந்தேன்.

மறுநாள் காலையில் கடற்கரையில் என்னைச் சந்தேகப்படும் முறை ஊருக்கு வந்தது. கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேருக்கு நடுவில் பிலிப்பு என்கிற பெரியவர் இருந்தார். மீனவர் சங்கத்தின் தலைவர்.

"ஐயா எந்த ஊர்?"

சொன்னேன். ஊசிகள் நின்றன. பிலிப்பு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப எங்கட கடல் உங்கட ஊராக்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும்," என்றார். "கமெராவோட வந்திருக்கிறியள். எங்கட வலை எங்கெங்க கிடக்கு எண்டு எடுத்துக்கொண்டு போகவோ?"

கோபம் வந்தது. நான் இவர்களைக் கடத்தல்காரர்கள் என்று நினைக்க, இவர்கள் என்னை உளவாளி என்று நினைக்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஜெரோமைப் பார்த்தேன். அவன் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் படகின் நிழலில் உட்காரவைத்தான். பக்கத்தில் ஒரு வலைக் குவியல். அதை விரித்துக் காட்டினான். நடுவில் ஒரு வீடு நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"பொழுதுபட வலையைப் போட்டிட்டு அங்கினேயே கிடப்பம் அத்தான். உங்கட பக்கத்து றோலருகள் எல்லை தாண்டி வந்து, அடியில இழுத்துக்கொண்டு போகும். வலையும் அதோட போயிடும். எனக்கு ரெண்டு செற் வலை போயிட்டுது. இனி ஒண்டுதான் மிச்சம். அதுவும் போனா வள்ளத்தை வித்துப்போட்டுக் கொழும்பில கூலிக்குத்தான் போகவேணும்."

நாங்கள் விசைப்படகு என்கிறோம், இவர்கள் றோலர் என்கிறார்கள்.

"அடுத்த மாதம் ரெண்டு கரை ஆக்களும் இருந்து கதைக்கப் போயினம். நான் கண்டனான் எண்டால் உங்கட பக்கம் ஒருத்தரும் நம்பாயினம். படம் வேணும். லைற் அடிச்சா லைற்றை நிப்பாட்டிப்போட்டு ஓடிடுவினம், இல்லாட்டி எங்கட வள்ளத்தில மோத வருவினம். அதுதான் இரவில எடுக்கிற கமெரா கேட்டனான்."

போனில் அவன் எடுத்திருந்த படத்தைக் காட்டினான். கறுப்பில் மஞ்சள் கோடுகள் புழுவாக நெளிந்தன. கைபேசி இரவில் ஒரு படத்துக்குப் பல படங்களை எடுத்து ஒட்டுகிறது. தரையில் நின்றால் அது சரி, ஆடுகிற படகில் எல்லாம் கலைந்துவிடும். அதை அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மனசு லேசாகியிருந்தது. கடத்தல் இல்லை. என் மச்சினன் நல்லவன்.

"ஒண்டை மட்டும் கண்ணாலயே கிட்டக் கண்டனான்," என்றான் ஜெரோம். "நம்பர் தெரியேல்லை. மேல அறையில ரெண்டு அன்னம் கீறியிருக்கு. கழுத்தைக் கழுத்தில பின்னினபடி."

எனக்கு அந்த அன்னங்களைத் தெரியும். அந்தப் படகைக் கடலில் இறக்கிய அன்று மாலையும் சந்தனமுமாகப் படம் எடுத்தவன் நான்தான். அதன் சொந்தக்காரர் எங்கள் தெருக்காரர். ரெஜினாவுக்குப் பிரசவ வலி வந்த ராத்திரி மழையில் வேறு வண்டி கிடைக்காதபோது, அவர் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் பெண்ணின் கல்யாணப் படம்தான் என் ஸ்டுடியோ வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறது.

"அப்படியா?" என்று மட்டும் கேட்டேன்.

மத்தியானம் கேமராக்களை மேசையில் வைத்தேன். ஜெரோமும் ஜெசிந்தாவும் எதிரே உட்கார்ந்தார்கள். மஞ்சளை முதலில் தள்ளினேன். தண்ணீரில் விழுந்தாலும் சாகாது, ஆனால் லென்ஸ் சின்னது, இருட்டில் படம் முழுக்க மணல் இறைத்த மாதிரி புள்ளி விழும் என்றேன். அது உண்மை. பிறகு வெள்ளியைக் கையில் எடுத்தேன்.

"இதுதான் உனக்குச் சரி. தூரத்துல இருக்கிறதைக் கிட்ட கொண்டுவந்துடும். நீ கிட்டப் போகவே வேண்டாம்."

வாசலுக்கு அழைத்துப்போய்த் தூரத்துக் காற்றாலையைக் காட்டினேன். இறக்கையின் நுனியில் இருந்த அழுக்கு வரை தெரிந்தது. ஜெரோமுக்கு அவ்வளவு சந்தோஷம். என் தோளைப் பிடித்து உலுக்கினான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லென்ஸ் நீள நீள அதன் வாய் சுருங்கி, உள்ளே வரும் வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். பகலில் தெரியாது. இரவில் அந்தக் கேமரா படம் எடுக்க அரை விநாடி, ஒரு விநாடி எடுத்துக்கொள்ளும். ஆடுகிற படகில் அவ்வளவு நேரத்தில் கிடைப்பது வெறும் கூழ். தெரிந்தேதான் சொன்னேன். இரவில் அவன் கிட்டப் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். அதை நானே நம்பவில்லை.

ஜெசிந்தா அன்று மாலை கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். மேலே பளபளவென்று கிடப்பதைத் தொடாமல், கையை அடியில் விட்டு எடுத்து, மோந்து பார்த்து ஒதுக்கினாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"அத்தான், இரவில திருவிழாச் சப்பறம் வரேக்க நீங்கள் எந்தக் கமெராவில எடுக்கிறனீங்கள்?"

"அது… அந்தந்த நேரத்தைப் பொறுத்து."

"மூண்டையும் மேசையில வைக்கேக்க, கறுப்பை மட்டும் உங்கட பக்கமா இழுத்து வைச்சனீங்கள். அதைப் பற்றி ஒரு கதையும் சொல்லேல்லை." இன்னொரு மீனை மோந்து பார்த்தாள். "நாங்கள் நல்லதைத்தான் எங்கட பக்கம் வைக்கிறது."

சுங்க அதிகாரி என் பையை முழுதாகக் கவிழ்த்தும் கண்டுபிடிக்காததை இவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள். பதில் சொல்வதற்குள் எழுந்துபோய் ஜெரோமிடம், மூன்றையும் கடலில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டாள். இருட்டத் தொடங்குகிற நேரம். ஒரு மீன்பெட்டி மூடியில் வெள்ளைப் பெயின்ட்டால் பெரிதாக ஓர் எண்ணை எழுதினாள். என்ன எண் என்று எங்களுக்குக் காட்டவில்லை. அதைப் பிலிப்புவின் வள்ளத்தில் கட்டி, ஒற்றை விளக்கைத் தொங்கவிட்டுக் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தச் சொன்னாள். பிலிப்பு அந்த வள்ளத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடற்கரையில் பிறந்தவன்தான், ஆனால் படகு எனக்கு ஆகாது. ஜெரோமின் வள்ளத்தில் ஏறிய சற்று நேரத்தில் மத்தியானச் சோறு மேலே வந்தது. ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வெள்ளிக் கேமராவைத் தூக்கி அழுத்தினேன். திரையில் கூழ். மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் கூழ். மஞ்சளில் வள்ளம் தெரிந்தது, எண்ணைப் புள்ளிகள் தின்றிருந்தன.

"கறுப்பைத் தாங்கோ," என்றான் ஜெரோம். அவன் குரலில் மத்தியானம் இருந்த சந்தோஷம் இல்லை.

கறுப்புக் கேமராவுக்குத் தூரத்தைக் கிட்டே இழுக்கிற சாமர்த்தியம் கிடையாது. ஆனால் லென்ஸின் வாய் அகலம், உள்ளே சென்சாரும் பெரிது. பிளாஷை அணைத்து, ஒளியுணர்வைக் கூட்டி, ஷட்டர் வேகத்தை நானே வைத்துக் கொடுத்தேன். அவன் உடனே அழுத்தவில்லை. காலை அகட்டி நின்று, அலை வள்ளத்தைத் தூக்கட்டும் என்று காத்திருந்தான். அலையின் உச்சியில், ஏறுவதும் இறங்குவதும் இல்லாமல், வள்ளம் அரை மூச்சு நேரம் அப்படியே நிற்கிறது. வலை இழுக்கிறவர்கள் அந்த அரை மூச்சில்தான் கையை மாற்றிப் பிடிப்பார்களாம். அந்த நேரத்தில் அழுத்தினான். முப்பது வருடத் தொழிலில் எனக்கு அது தெரியாது.

"மூண்டு, ஏழு, ஒண்டு," என்று திரையைப் பார்த்து வாசித்தான். அங்கிருந்து பிலிப்பு, "சரி!" என்று கத்தினார்.

"வெள்ளி இரவில சரிவராது எண்டு உங்களுக்குத் தெரியாதோ அத்தான்?" என்று ஜெரோம் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், எடுத்த படங்களை மறுபடி பார்க்கப் பின்னோக்கித் தள்ளத் தொடங்கினான். அவனுக்கு அந்தக் கேமரா புதிது. இன்று எடுத்ததைத் தாண்டிப் போய்விட்டான். ஒரு சப்பறம் வந்தது. வெள்ளைக் கவுனில் முதல் நற்கருணை வாங்கிய ஒரு பிள்ளை வந்தாள். பிறகு வெயிலில் ஒரு புதுப் படகு, மாலைகள், மேலறையில் கழுத்தைக் கழுத்தில் பின்னிய இரண்டு அன்னங்கள். முகப்பில் எண், கல்வெட்டு மாதிரி. அதற்குப் பக்கத்தில் கைகூப்பிச் சிரிக்கிற சொந்தக்காரர். ஊரில் மெமரி கார்டில் இருந்ததை அழித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மற்றவர்கள் எதை மறைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு, தன் பையில் என்ன இருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை.

ஜெரோம் அதற்குமேல் தள்ளவில்லை.

"உங்களுக்குக் காலமையே தெரியும், என்ன?"

"தெரியும்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வேறொன்று கேட்டான். "இந்தாள் நல்ல ஆளோ?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "நல்ல மனுசன்பா. உங்க அக்காவைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனது அவர் வண்டியிலதான்."

"அப்ப நல்லது," என்றான். "கெட்டவனுக்குப் படத்தைக் காட்டி என்ன பிரியோசனம் அத்தான்? பார்த்து வெக்கப்படுறவனாத்தானே இருக்கவேணும்."

அவன் திரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் முகம் எரிந்தது.

புறப்படுகிற அன்று காலையில் ஜெசிந்தா எனக்குக் கருவாட்டுப் பொட்டலம் கட்டினாள். மூன்று கேமராக்களையும் துடைத்து மேசையில் ஒரே வரிசையில் வைத்திருந்தாள். யார் பக்கமும் சாய்வாக இல்லை. பிலிப்பும் வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தார். யாரும் எதையும் கேட்கவில்லை. வெள்ளியையும் மஞ்சளையும் எடுத்துப் பையில் வைத்தேன்.

"கார்ட்டை எடுத்துப்போட்டுக் கமெராவைத் தாங்கோ அத்தான்," என்றான் ஜெரோம். "நீங்கள் அந்தத் தெருவில இருக்கவேணும். நம்பரை நாங்கள் எப்பிடியும் இரவில எடுத்திடுவம்."

கேமராவின் அடிமூடியைத் திறந்தேன். கார்டு நகக்கண் அளவுதான் இருந்தது. மூடியைத் திரும்ப மூடி, கேமராவை அப்படியே அவன் சட்டைப் பையில் போட்டேன். சரியாக உள்ளே போயிற்று. பிலிப்பு எழுந்து வந்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றார்.

விமான நிலையத்தில் அதே அதிகாரி. மறந்திருப்பார் என்று நினைத்தேன். சந்தேகப்படுகிறவர்கள் எதையும் மறப்பதில்லை, அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தாளை எடுத்துப் பார்த்தார், பையைத் திறந்து பார்த்தார்.

"வெள்ளி இருக்கு. மஞ்சள் இருக்கு. கறுப்பு குடுக்கிறதுக்கு இல்லை எண்டு சொன்னனீங்கள்."

"கொடுத்துட்டேன்."

"உள்ள இருந்த கார்ட்டை எடுத்தனீங்கள்தானே? சில ஆக்கள் அதோட குடுத்திட்டு, பிறகு ஓடி வந்து அழுறவை. கனக்கக் கண்டனான்."

"எடுக்கலைங்க. அதோடதான் கொடுத்தேன்."

அவர் முகத்தில் முதல் நாள் இருந்த சந்தேகம் அப்படியே திரும்பி வந்தது. "வடிவா யோசிச்சுத்தானோ?" என்றார்.

யோசித்தேன். இரண்டு கரையும் பேச உட்காரும்போதுதான் அந்தப் படம் எங்கள் ஊருக்கு வரும், அதற்கு ஒரு மாதம் இருக்கிறது. ஊரில் இறங்கியதும், ஸ்டுடியோவைத் திறக்கும் முன், கருவாட்டில் பாதியை எடுத்துக்கொண்டு அந்த அன்னப் படகுக்காரர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். படம் வந்து சேரும் முன்னால் நானே போய் நின்று சொல்ல வேண்டும்.

"ஆமாங்க," என்றேன்.